கரிசல் வீட்டில் ஓர் ஓடைக்கரை

புதினா ஈரத்தின் செடி. விருதுநகர் மாவட்டம் வறட்சியின் நிலம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், சிவகாசியிலும் சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் வீட்டில் புதினா வைப்பவர்களில் பலர் ஒரே கோடைக்குள் அதை இழந்துவிடுவதற்கும், சிலர் மட்டும் அதே செடியை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வருவதற்கும் உரிய காரணம் விளங்கும். இந்த வேறுபாட்டைக் கைராசி என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் செடி எந்த நிலத்திலிருந்து வந்தது, அதன் உடல் எவ்வாறு அமைந்திருக்கிறது, இவ்வூரின் மண்ணும் தண்ணீரும் காற்றும் அதை என்ன செய்கின்றன என்பவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைக்குத்தான் அந்த ராசி வாய்க்கிறது.

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் புதினா என்று ஒரே பெயரால் வழங்கும் கீரை, தாவரவியலில் மென்தா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. துவையலுக்கும் பிரியாணிக்கும் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கப்படுவது பெரும்பாலும் மென்தா ஸ்பிகேட்டா என்னும் இனமாகும். இப்பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ், ஆண்டு 1753. இதன் நெருங்கிய உறவான மென்தா ஆர்வென்சிஸ் என்னும் இனம் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர், பதாயூன் வட்டாரங்களில் பரந்த வயல்களில் பயிராகி, மென்தால் என்னும் குளிர்ப்பொருளைத் தருகிறது. நாட்டு மருந்துக் கடைகளில் புதினா உப்பு என்று சிறு குப்பிகளில் கிடைக்கும் வெண்ணிறப் படிகம் அதுவே. 1959இல் தொடங்கப்பட்டு லக்னோவில் இயங்கும் மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கோசி, ஹிமாலயா முதலிய ரகங்கள் அந்தச் சாகுபடியைப் பெருக்க, இன்று உலகில் மிகுதியாக மென்தால் புதினா எண்ணெய் எடுக்கும் நாடாக இந்தியா விளங்குகிறது. மிட்டாய்க்குப் பெயர் கொடுத்த பெப்பர்மின்ட், நீர்ப்புதினா என்னும் இனமும் சமையல் புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். அது விதையால் பெருகுவதில்லை, தண்டாலேயே ஊர் ஊராகப் பரவியது. புதினா என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. செடியும் ஐரோப்பா, மேற்காசியா ஆகிய பகுதிகளின் ஓடைக்கரைகளிலும் ஈரப் புல்வெளிகளிலும் தோன்றியதாகும். வெயில் தாழ்வான, மண் எப்போதும் நனைந்திருக்கும், மழைக்காலத்தில் மேல்மண்ணும் மக்கிய இலையும் அடித்துக்கொண்டு வந்து படியும் இடம் அதன் பிறந்தகம்.

அதன் உடலிலும் அந்தப் பிறந்தகம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் அது உருளாமல் நான்கு முனைகளாகத் தட்டும். துளசிக்கும், கற்பூரவல்லிக்கும், திருநீற்றுப்பச்சைக்கும், ஐப்பசி மழைக்குப் பின் கரிசல் வரப்புகளில் வெள்ளையாகப் பூக்கும் தும்பைக்கும் பொதுவான இந்தச் சதுரத் தண்டு, இவையெல்லாம் ஒரே குடும்பம் என்பதற்கான அடையாளம். இலைகள் எதிரெதிராக இணை இணையாக அமைந்து, ஒவ்வோர் இணையும் அதற்குக் கீழுள்ள இணைக்குக் குறுக்காக நிற்கும். இலை புறப்படும் அந்தக் கணுவில்தான் புதினாவின் வல்லமை முழுவதும் ஒடுங்கியிருக்கிறது, ஏனெனில் மேலே கிளையாக எழும் மொட்டும் கீழே வேராக இறங்கும் திசுவும் அங்கேயே உள்ளன. நிமிர்ந்து நிற்கும் தண்டுகள் தவிர, மண்ணின் மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழும் கிடைமட்டமாக ஊர்ந்து செல்லும் தண்டுகளும் இதற்கு உண்டு. ஓடுதண்டு எனப்படும் இவை ஒரு சாண் ஓடி, கணுவில் வேர்விட்டு, அங்கே புதுச்செடியை எழுப்பி, மேலும் ஓடும். ஓடைக்கரையில் வெள்ளம் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போனாலும் அத்துண்டு வேறொரு வளைவில் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்வதற்கு ஏற்ற அமைப்பு இது. வேர்கள் ஆழம் போவதில்லை. ஒரு சாணுக்கும் குறைவான மேல்மண்ணிலேயே பெரும்பகுதி பரவி நிற்கும். ஆழத்து நீரைத் தேடிப் போகும் பழக்கமே இச்செடிக்கு இல்லை என்பதை மறவாதிருந்தால் பராமரிப்பில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

மணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இச்செடியை வளர்ப்பதே அதற்காகத்தான். இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால், சின்னஞ்சிறு பொன்னிறக் குமிழ்கள் பதிந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றும் எட்டுச் சுரப்புச் செல்கள் வட்டமாகக் கூடிய ஒரு சுரப்பி. அச்செல்கள் உண்டாக்கும் நறுமண எண்ணெய், அவற்றை மூடியுள்ள மெல்லிய மெழுகுத் தோலுக்கு அடியில் திரண்டு நிற்கிறது. விரல் பட்டால் அத்தோல் கிழிந்து மணம் வெளிப்படும். அம்மியில் வைத்து அரைத்த துவையலின் மணம் கத்தியால் நறுக்கிய இலைக்கு வராததன் காரணமும் உடையும் குமிழ்களின் எண்ணிக்கையே. சமையல் புதினாவின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது கார்வோன் என்னும் சேர்மம். இதில் ஒரு வியப்பு உண்டு. சதகுப்பை விதையின் மணத்துக்கும் காரணம் கார்வோன்தான். அணுக்களின் எண்ணிக்கையும் இணைப்பும் இரண்டிலும் ஒன்றே, ஆனால் இடக்கையும் வலக்கையும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருப்பதால், மூக்கு ஒன்றைப் புதினா என்றும் மற்றதைச் சதகுப்பை என்றும் பிரித்தறிகிறது. மென்தால் தரும் குளிர்ச்சியோ மணத்தைச் சேர்ந்ததன்று. குளிரை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் டிஆர்பிஎம்8 என்னும் புரதத்தை மென்தால் தூண்டிவிடுவதால், வெப்பநிலை சிறிதும் குறையாமலே குளிர்ந்ததுபோன்ற உணர்வு பிறக்கிறது. 2002இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் புரதங்கள் பற்றிய ஆய்வுக்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் வழங்கப்பட்டது. சமையல் புதினாவில் மென்தால் மிகக் குறைவு என்பதால், சந்தைப் புதினாவை வாயிலிட்டு மென்றால் மணம் நிறையவும் குளிர்ச்சி கொஞ்சமாகவும் இருக்கும். அது செடியின் குறையன்று, இனத்தின் இயல்பு.

இனி நிலத்துக்கு வரலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையாகவே பெய்துவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று கேரளப் பக்கத்திலேயே மழையை இறக்கிவிட்டு, மலைச்சரிவில் கீழிறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறி, உலர்ந்த காற்றாக இச்சமவெளியில் வீசுகிறது. கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கியதும், அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேரூன்றியதும் இந்த வறட்சியின் துணையால்தான். குச்சியில் தோய்த்த மருந்து விரைவில் காய வேண்டும். திரி நமத்துப்போகக் கூடாது. அச்சேறிய தாள் ஈரம் உறிஞ்சி நெளியக் கூடாது. காற்றில் ஈரம் குறைவாக இருப்பது இம்மூன்று தொழில்களுக்கும் வரம். களத்தில் பரப்பிய குச்சியை ஒரே பகலில் காயவைக்கும் அதே காற்று, முற்றத்துத் தொட்டியில் நிற்கும் புதினா இலையையும் அவ்வாறே காயவைக்க முயல்கிறது.

காற்று நீரை உறிஞ்சும் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்க முடியும். காற்று தாங்கக்கூடிய நீராவிக்கும் அதில் அப்போது உள்ள நீராவிக்கும் இடையிலான வேறுபாட்டை நீராவிக் குறை என்பர். இலையிலிருந்து நீர் வெளியேறும் வேகம் பெரிதும் இதைப் பொறுத்தது. 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மார்கழிக் காற்றோடு ஒப்பிட்டால், 38 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சித்திரைப் பிற்பகல் காற்றின் நீராவிக் குறை ஏறக்குறைய நான்கு மடங்கு. வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடும்போது, இலை தன் மூச்சுத்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்போது நீரிழப்பு குறையும். ஆனால் கரியமிலவாயு உள்ளே வராததால் உணவு தயாரிப்பும் நின்றுவிடும், வியர்வை நின்ற உடல்போல இலையும் சூடேறும். வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் புதினா வாடாமல் இருந்தாலும் வளராமல் சிறுத்துப்போவது இதனால்தான். சென்னையிலோ பெங்களூரிலோ எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் தொட்டியை வைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

கரிசல் மண்ணும் இச்செடிக்கு எளிதான மண்ணன்று. நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கும் ஒருவகைக் களிமண் இதில் மிகுதி. மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் மண்ணே பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் சோளமும் கம்பும் ஆழ வேர்விட்டு அந்த மண்ணின் அடியீரத்தை எடுத்துக்கொள்ளும்; அவ்வகைப் பயிர்களுக்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அருப்புக்கோட்டையில் மானாவாரிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிவருகின்றன. மேல்மண்ணில் மட்டும் வாழும் புதினாவுக்கோ வெடிப்பு என்பது வேர் அறுபடுதல். போதாததற்கு, கரிசலில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் அது காரத்தன்மை கொண்டது. கார மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் அது வேரால் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்தில் இறுகிக் கிடக்கும். விளைவாக, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் நரம்பிடை வெளுத்தும் தோன்றும். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, கொழுந்து முதலில் வெளுத்தால் அது இரும்புக் குறை என்று பிரித்தறிய வேண்டும். முன்னதற்கு மக்கிய தொழு உரம் போதும். பின்னதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலை வேளையில் இலைமேல் தெளிக்கலாம். தெளித்தபின் பத்து நாள் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே இம்மாவட்டத்தில் புதினாவைத் தரையில் நடுவதைவிடத் தொட்டியில் வைப்பதே சரி. செடி பக்கவாட்டில் ஓடும் இயல்புடையது என்பதால், ஆழமான வட்டத் தொட்டியைவிட ஒரு சாண் ஆழமும் இரண்டு மூன்று சாண் நீளமும் உள்ள அகன்ற தொட்டி பொருந்தும். வட்டத் தொட்டியில் ஓடுதண்டுகள் சுவரைத் தொட்டதும் சுற்றிச் சுற்றி ஓடி விளிம்பில் மட்டும் தழைக்க, நடுப்பகுதி கட்டையாகி மொட்டையாய் நிற்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். மண்தொட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வதுபோல வேரும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தண்ணீர் அடிக்கடி தேவைப்படும். பிளாஸ்டிக் தொட்டியில் நீர் தங்கும், வெயில் பட்டால் வேர் வேகும். நிழலான இடத்துக்குப் பிளாஸ்டிக்கும், காற்றோட்டமும் கவனிப்பும் உள்ள இடத்துக்கு மண்தொட்டியும் ஏற்றவை. பழைய இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அடியில் ஐந்தாறு துளையிட்டால் இரண்டு நல்ல தொட்டிகள் கிடைக்கும். பட்டாசுத் தொழிலுக்கான ரசாயனங்கள் வந்த டப்பாக்களையும் டிரம்களையும் சாக்குகளையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், உண்ணும் கீரைக்குத் தொட்டியாக்கவே கூடாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டுச்சாண எரு ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு கைப்பிடி என்பது இப்பகுதிக்குப் பொருந்தும் கலவை. கரிசல் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் அதை ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்த்து, மீதியை எருவாலும் நார்க்கழிவாலும் நிரப்பலாம்.

நடுவதற்கு நாற்றுப் பண்ணைக்குப் போகத் தேவையில்லை. உழவர் சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளியபின் மிஞ்சும் தண்டுகளில், மிக இளசாகவும் இல்லாமல் கட்டையாகவும் இல்லாமல், பென்சிலைவிட மெலிந்து, அடிப்பகுதி சற்றே செவ்வூதா ஓடியவற்றைத் தேர்ந்து, நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். கீழிரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி, அக்கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு சாய்வாக நட்டு, மண்ணை விரலால் அழுத்திவிட வேண்டும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் வழியே கீழிறங்கி வெட்டுவாயில் தேங்குவதே வேரைத் தூண்டுகிறது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால், ஒரு வாரத்துக்குள் கணுவைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, அவை நூலாக நீள்வதைக் காணலாம். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல தாவரவியல் பாடம் இல்லை. எனினும் நீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடிவது. மண்ணுக்கு மாறும்போது மறுபடி பழக வேண்டியது. அதனால் நேரே மண்ணில் நடுவதே மேல். புரட்டாசி நடுவிலிருந்து கார்த்திகை வரை இதற்கு உகந்த காலம். பங்குனிக்குள் ஓடுதண்டுகள் தொட்டி முழுதும் பரவி, தம் இலைகளாலேயே மண்ணுக்கு நிழல் தந்துவிட்டால், முதற்கோடையைச் செடி தாங்கும். தையில் நட்ட செடிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

தண்ணீர்தான் இவ்வூரின் முதற்கவலை என்பதால் அதை அளவோடு பேச வேண்டும். ஒரு சாணுக்கும் சற்று அதிகமான, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய 0.07 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளில் 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், அத்தொட்டி இழப்பது அரை லிட்டர். இலைகள் தொட்டிக்கு வெளியே கவிந்திருந்தால் முக்கால் லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர். குடிநீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும் தெருவிலும், ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி களைந்த தண்ணீர் இந்த அளவுக்குக் குறைவதில்லை. கழுநீரில் சிறிதளவு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மாவுப்பொருளும் இருப்பதால் செடிக்கு அது உணவுமாகும். புளிக்கும் முன் அன்றன்றே ஊற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வெறும் தண்ணீர் ஊற்றினால் மண் புளிப்பேறிக் கொசுப் பூச்சிகள் மொய்க்காது. காய்கறி கழுவிய நீரும் நல்லதே. சோப்புத் தண்ணீரும், வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரும் ஆகா: முன்னதில் சோடியம், பின்னதில் ஊற்றுநீரின் உப்புகள் எல்லாம் செறிந்து நிற்கின்றன.

உப்பு என்பது இங்கே மெதுவாகக் கொல்லும் பகை. ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினால் நீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வது அதுதான். இலை விளிம்புகள் தீய்ந்தது போலப் பழுப்பதும் அதனால்தான். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாயின் கீழ் ஐப்பசி மழையில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால், மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடலாம்.

பட்டாசு ஆலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சங்கடமானது என்றாலும் இதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. சிலவகை வாணவெடிகளில், எரிவதற்கான ஆக்சிஜனைத் தரும் பொருளாகப் பெர்குளோரேட் உப்புகள் பயன்படுகின்றன. இவை நீரில் எளிதில் கரைந்து மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரில் கலப்பவை. சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரில் இவை இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீரைச் செடிகள் நீரோடு சேர்த்துப் பெர்குளோரேட்டையும் உறிஞ்சுகின்றன. நீர் இலை வழியே ஆவியாக, உப்பு இலையில் சேர்ந்துகொண்டே போகிறது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் இயல்பு இதற்கு இருப்பதால், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கொதிக்க வைத்தால் இது நீங்குவதில்லை. ஆலையை ஒட்டிய கிணற்று நீரைப் புதினாவுக்கோ வேறு எந்தக் கீரைக்கோ ஊற்றாமல், குழாயில் வரும் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துவதே தக்க வழி. புதினாவுக்கு நாளைக்கு அரை லிட்டர்தான் தேவை என்பதால் இது இயலாத காரியமன்று.

இடத்தைத் தேர்வதில் ஒரே விதி: காலை வெயில் வேண்டும், பிற்பகல் வெயில் கூடாது. கிழக்குச் சுவரின் ஓரம், வேப்பமரத்தின் கீழ், மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வடகிழக்கு மூலை, பின்கட்டில் அங்கணத்தை ஒட்டிய இடம் ஆகியவை பொருந்தும். அங்கணத்தின் ஓரத்தில் வைத்த புதினா பிழைப்பது சோப்பு நீரால் அன்று, அங்குள்ள ஈரக் காற்றால். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் காங்கிரீட் தளத்தின் சூடு வேரைத் தாக்காது. மண்ணின் மேல் காய்ந்த வேப்பிலையோ நிலக்கடலைத் தோலோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும். அச்சகங்களில் எளிதாகக் கிடைக்கும் வண்ணம் அச்சிட்ட தாள்துண்டுகளை இதற்குப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. நண்பகலில் இலை தொய்ந்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றாமல், விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது தாகமன்று, வெயிலின் களைப்பு. மாலையில் தானே நிமிரும். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் காற்றின்றி வேர் அழுகும். ஓடைக்கரைச் செடி என்றாலும் ஓடும் நீருக்குப் பழகியதே தவிர, தேங்கிய நீருக்குப் பழகியதன்று.

இவ்வூர்ப் புதினா ஏன் பூப்பதே இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. பகல் ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால்தான் பூக்கும் செடிகளை நீள்பகல் தாவரங்கள் என்பர். புதினா அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வடக்கில் உள்ள சிவகாசியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடம்தான். பாராபங்கியில் அது 13 மணி 50 நிமிடத்தை எட்டும். பூக்கும் அறிகுறி கிடைக்காத சிவகாசிச் செடி தன் ஊட்டத்தை முழுவதும் தண்டுக்கும் இலைக்குமே செலவிடுகிறது. எண்ணெய் எடுக்கும் உழவர் பூக்கும் தறுவாயை எதிர்பார்த்து அறுப்பார்; கீரைக்கு வளர்ப்பவருக்குப் பூவாமை ஆதாயமே.

பறிப்பதிலும் ஓர் அறிவியல் உண்டு. நுனிக்கொழுந்திலிருந்து இறங்கும் அதே ஆக்சின், கீழுள்ள கணு மொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்த அடக்கம் நீங்கி, கணுவுக்கு இரண்டாகக் கிளைகள் எழும். ஆகவே இலைகளை மட்டும் உருவாமல், அடியில் இரண்டு கணுக்களை விட்டுத் தண்டோடு வெட்ட வேண்டும். நட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் முதற் பறிப்பு. பிறகு இருபது, இருபத்தைந்து நாள்களுக்கு ஒருமுறை. வெயில் ஏறும் முன் பறித்த இலையில் மணமும் நீரும் நிறைந்திருக்கும். ஒவ்வொரு பறிப்புக்கும் பின் ஒரு கைப்பிடி மண்புழு உரமோ, ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்த கடலைப் பிண்ணாக்குத் தெளிநீரோ கொடுத்தால் தழை விரைந்து வரும். எண்ணெய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற விருதுநகரில் பிண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. வெடிப்புகையும் துகளும் இலையில் படிந்திருக்கும் என்பதால், தீபாவளிக்கு மறுநாள் செடியை முழுவதும் நீரால் கழுவிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பறிப்பது நலம்.

பகைகளுள் முதன்மையானது சிவப்புச் சிலந்திப்பேன். மழைக்காலத்தில் கண்ணில் படாத இது, சித்திரையின் உலர்வெப்பத்தில் இரண்டே வாரத்தில் பல்கிப் பெருகும். இலைமேல் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் தோன்றினால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டிப் பார்க்க வேண்டும். விழும் தூசியில் சில துகள்கள் நகர்ந்தால் அவை பேன்களே. பேனுக்கு வறட்சி தோது, ஈரம் ஆகாது. ஆகவே காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படுமாறு நீரைப் பீய்ச்சுவதே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். கசப்பு நீங்க ஒரு வாரமேனும் காத்திருக்க வேண்டும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்களாகத் தோன்றும் துருநோய்க்கு மருந்து தேடுவதைவிட, அத்தண்டுகளை அடியோடு வெட்டி எரிப்பது மேல். புதினாத் தோட்டம் என்பது ஒரே செடியின் துண்டுகள் என்பதால், ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும். நோயுள்ள செடியிலிருந்து ஒருபோதும் தண்டு எடுத்து நடக் கூடாது.

இரண்டாம் ஆண்டில் தொட்டி முழுவதும் கட்டைத் தண்டுகளும் பழைய வேருமாக அடைந்துகொள்ளும். ஆவணி முடிவில் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, வேர்க்கட்டியைக் கத்தியால் நான்காக அறுத்து, வெளிவிளிம்பில் உள்ள இளம் ஓடுதண்டுகளை மட்டும் புது மண்ணில் நட்டு, நடுக்கட்டையை எருக்குழியில் இட வேண்டும். சிவகாசி வட்டாரத்தில் பத்தாண்டு, பதினைந்தாண்டு புதினா என்று சொல்லப்படுவதெல்லாம் இவ்வாறு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரே செடியின் தொடர்ச்சிதான். ஒரு வீட்டில் தழைத்தால் அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தாலும் குறையாத கீரை இது. வாசகர்கள் அடுத்த முறை புதினாக் கட்டு வாங்கி இலையைக் கிள்ளியபின், எஞ்சும் தண்டுகளைக் குப்பைக்கு அனுப்பாமல், அவற்றில் நான்கைத் தேர்ந்து, அரிசி களையும் இடத்துக்கு எட்டும் தூரத்தில், காலை வெயில் படும் ஒரு தொட்டியில் புரட்டாசியில் நட்டுவைக்க வேண்டும்.